ஹயர் இல்லாத ஓட்டம்

சாய்ந்தமருது கடற்கரை வீதியில் அந்த ஓட்டோக்காரரை ஒரே ஒருமுறைதான் சந்தித்தேன். நரைத்த தாடி, முழங்கால்வரை மடித்துக் கட்டிய சாரன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, ஹயர் என்கிற வாடகைச் சவாரி எதுவும் ஏற்றாமல் வெறும் ஓட்டோவோடு கடலோரம் ஒரு சுற்றுச் சுற்றுவது அவர் வழக்கமாம். மதிலில் குந்தியிருந்த என்னைக் கண்டு நிறுத்தினார்.

"ஏறுங்க தம்பி. நானும் சும்மாதான் ஓடுறன்."

"முந்தி நானும் ஓடின நான் காக்கா. இப்ப விட்டுட்டன்."

"என்னத்த ஓடின? வேனா, பஸ்ஸா?"

எங்கள் பக்கத்தில் வாகனத்தையும் ஓடுவதென்றுதான் சொல்வோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதக்கத்துக்காகப் பத்து வருடம் காலால் ஓடியதையும், கடைசிப் போட்டியில் தோற்றபின் சப்பாத்தையே தொடாததையும் சொன்னேன்.

அவர் தாடியைத் தடவினார். "அப்ப ஹயர் இல்லெண்டா ஓடமாட்டீங்க. எனக்கு ஹயரெல்லாம் முடிஞ்ச பொறகுதான் தம்பி ஓட்டமே."

சொல்லிவிட்டு ஓட்டோவைக் கிளப்பினார். என்ன நினைத்தேனோ, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் ஹோர்ன் அடித்தார், நான் கூவினேன். வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்கள் நான் ஓட்டோவைத் தவறவிட்டதாக நினைத்து, "நிப்பாட்டுங்க காக்கா, ஆள் வருது" என்று கத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டி, வா வா என்று ஆட்டினார்.

இப்போது தினமும் ஓடுகிறேன். என்ன போட்டி என்று யாராவது கேட்டால், "ஹயர் இல்ல, சும்மா ஓட்டம்" என்பேன். உடனே அவர்கள் ஓட்டோ எங்கே என்று வீதியைப் பார்ப்பார்கள்.

நானும்தான் பார்ப்பேன்.