டவர் இல்லாத இடத்துக்கு சிம் எதற்கு?

காசிமேட்டு மீன் ஏலத்தில் ஆலிஸை ஏமாற்ற இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை. கூடையைப் பார்த்தே எத்தனை கிலோ தேறும் என்பாள், சரியாக இருக்கும். இருபது வருடமாக நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. அவள் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது என்று நானும் நம்பிவிட்டேன்.

அவள் புருஷன் ஹென்றியின் படகில் இருந்த ஜிபிஎஸ் கருவி கெட்டுப்போனது. அதற்குப் பதிலாகக் கடல் வரைபடம் போட்ட டேப்லெட் வாங்கலாம் என்று ராயபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரன் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று வெறும் வைஃபை, இன்னொன்று சிம் போடுவது.

"கடலுக்கு எத்துகினு போறது. கொஞ்ச தூரம் தாண்டுனா டவரே கெடைக்காது. அங்க சிம்ம வச்சிகினு இன்னா பண்றது?" என்றாள் ஆலிஸ்.

நான் பெரிய மேதாவி மாதிரி தலையாட்டினேன். கடைக்காரன் வைஃபை டேப்லெட்டைப் பையில் போட்டான். வீட்டில் போட்டுப் பார்த்தபோது நீலப்புள்ளி எங்கள் தெருவில் கச்சிதமாக வந்து நின்றது.

அடுத்த வாரம் ஹென்றியும் ஆலிஸின் தம்பி சாவியோவும் கடலுக்குப் போனார்கள். கரை மறைந்த பிறகு சாவியோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஹென்றி வயர்லெஸ்ஸில் கத்தினான். எந்த இடம் என்று சொன்னால் ஒரு மணி நேரத்தில் விரைவுப் படகு வரும் என்றார்கள் கடலோரக் காவல்படையினர். டேப்லெட்டில் புள்ளி எங்கள் தெருவை விட்டு நகரவே இல்லை. இருவரிடமும் இருந்தது இடம் காட்டாத பட்டன் போன். நாலு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தபோது சாவியோ போய்விட்டான். முப்பத்தோரு வயசு.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஆலிஸ் டேப்லெட்டோடு கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஜிபிஎஸ் சிப்பு சிம் மாடல்லதான் கீதுக்கா. சிம் போடாங்காட்டியும் வேலை செய்யும். இது சுத்தி கீற வைஃபைய வச்சிதான் எடம் காட்டும்," என்றான் கடைக்காரன்.

"அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்கதான் சிம்மே வேணாம்னு முடிவு பண்ட்டீங்களேக்கா."

கடலுக்கு என்று காதில் விழுந்ததே, அப்போது அவன் வாயில் என்ன கொழுக்கட்டையா? ஆலிஸ் கடையை ரெண்டாக்குவாள் என்று நினைத்தேன். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஹென்றிக்கு இது எதுவும் தெரியாது. பதற்றத்தில் தானே எதையோ தப்பாக அமுக்கிவிட்டதாக நினைக்கிறான். "என் மச்சான நானே சாவட்ச்சிட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறான். ஆலிஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.