அரக்கு ஈரலும் சந்தன ஈரலும்

ஆரணியில் அக்கா வீட்டுப் பின்கட்டில், வெளிச்சம் நன்றாக விழும் இடமாகப் பார்த்து ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் வைத்திருந்த வெள்ளை எனாமல் தட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீல விளிம்பில் ஓரிடம் சில்லுப் போயிருந்தது. தட்டின் நடுவில் செத்த கோழியின் ஈரல். கறிக்கடையில் பார்க்கும் கருஞ்சிவப்பு அதில் இல்லை. வெளிறிய மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒரு பக்கம் கிழிந்து ரத்தம் உறைந்து கிடந்தது. வாழ்நாள் முழுக்கப் பட்டுத் தறியில் உட்கார்ந்த மாமா, அக்காவின் கணவர், எட்டிப் பார்த்துவிட்டு, "இது சந்தனக் கலரு" என்றார். கத்தியோடு குனிந்திருந்த டாக்டரம்மா நிமிர்ந்து, "அப்போ நல்ல ஈரல் என்ன கலருங்க?" என்று கேட்டார். "அரக்கு" என்றார் மாமா, யோசிக்காமல்.

டாக்டரம்மா கால்நடை மருத்துவர். கலசப்பாக்கத்துப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். முட்டைக்கோழிகளின் ஈரலில் கொழுப்பு உண்டாவதையும் வெளியேறுவதையும் எந்தெந்த மரபணுக்கள் முடுக்குகின்றன, எவை அடக்குகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. வேலூரில் நான் வேலை பார்க்கும் நாளிதழின் விவசாயப் பக்கத்துக்காக ஒருமுறை தொலைபேசியில் அவரைப் பேட்டி எடுத்திருந்தேன். அந்தப் பழக்கத்தில்தான் அக்காவுக்காக அவரைக் கூப்பிட்டேன். அக்கா 'டாக்டரம்மா' என்றே அழைத்ததால் எனக்கும் அவர் டாக்டரம்மாதான், வயதில் என்னைவிடச் சிறியவர் என்றாலும்.

அக்காவின் கொட்டகையில் கூண்டுக் கோழிகள் திடீர் திடீரென்று விழுந்துகொண்டிருந்தன. காய்ச்சல் இல்லை, கழிச்சல் இல்லை. முந்தின நாள் முட்டையிட்ட கோழி மறுநாள் மல்லாந்து கிடக்கும். கொண்டை வெளுத்திருக்கும். தெருவில் பறவைக் காய்ச்சல் என்று பேச்சுக் கிளம்பியது. கடைக்காரர்கள் முட்டை எடுப்பதை நிறுத்தினார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "வீட்டு வீட்டுக்குக் கொழந்தைங்க இருக்குது. நீ இன்னும் பாத்துகினே இருக்கிறியே. ஜல்தியா ஒரு குழிய வெட்டி அத்தனையையும் மூடிடும்மா" என்றார். தறி ஓடாத மாதங்களில் அந்தக் கொட்டகைதான் வீட்டை நடத்தியது. அக்காவின் மகள் நர்சிங் படித்ததும் அதை நம்பித்தான். அக்கா கொட்டகைக் கதவில் சாய்ந்து நின்றாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, கதவை மட்டும் விடவில்லை.

டாக்டரம்மா வந்ததும் முதலில் அரசுக் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லவைத்தார். நோய்க்கிருமிச் சோதனைக்கான மாதிரிகள் அங்கிருந்து போயின. முடிவு வரும்வரை கொட்டகையிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது, அக்காவைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். முடிவு வந்தது, பறவைக் காய்ச்சல் இல்லை. அதன் பிறகுதான் அவர் எனாமல் தட்டைக் கேட்டார். செத்த கோழியின் ஈரல் சந்தனமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, அக்காவைத் திடுக்கிடவைத்த ஒன்றைச் சொன்னார். உயிரோடு முட்டையிடும் கோழிகளில் இரண்டு வேண்டும். அவற்றையும் அறுத்துப் பார்க்க வேண்டும்.

"செத்தத அறுங்க, வேணான்னு சொல்லல. உசுரோட முட்ட போட்டுகினு இருக்கிறத எதுக்கும்மா அறுக்கணும்?"

"செத்தது ஏன் செத்துதுன்னு அதுவே சொல்லாதுக்கா. பக்கத்துல பொழைச்சிகினு இருக்கிறதுதான் சொல்லும்."

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு உள்ளே போய் இரண்டு கோழிகளைக் கொண்டுவந்தாள். ஒன்று இறகு உதிர்ந்த நோஞ்சான். மற்றது கொட்டகையிலேயே அழகானது. கொழுத்து, இறகில் பட்டுப்போல மினுமினுப்பு. "இதுக்கு ஒண்ணும் இருக்காது, பாத்துக்கோங்க. இத அறுக்கத்தான் எனக்கு மனசு வரல" என்றாள். நூலின் மினுமினுப்பைப் பார்த்துத் தரம் சொல்லும் வீடு அது. கோழியையும் அப்படித்தான் பார்த்தார்கள். தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, நோஞ்சானின் ஈரல் அரக்காக இருந்தது. அழகியின் ஈரல் சந்தனம். அழுத்தினால் வெண்ணெய்போல உடைந்தது. இன்னும் எத்தனை கோழி உள்ளே அப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எல்லோருடைய மனத்திலும் ஓடியிருக்க வேண்டும்.

அவர் விளக்கியதை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முட்டையின் மஞ்சள் கருவில் உள்ள கொழுப்பு ஈரலில்தான் உருவாகிறது. கோழி முட்டையிடும் பருவத்துக்கு வந்ததும் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. அது ஈரலில் அதுவரை அடங்கிக் கிடந்த சில மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. சில மரபணுக்கள் கொழுப்பைச் செய்யச் சொல்கின்றன. வேறு சில, அதைப் பொட்டலம் கட்டி ரத்தத்தின் வழியே சினைப்பைக்கு அனுப்பச் சொல்கின்றன. செய்யும் வேகத்துக்கு அனுப்பும் வேகம் ஈடுகொடுக்காவிட்டால் ஈரலிலேயே தேங்கும். ஈரல் வீங்கும், நைந்துபோகும், ஒரு வெயில் நாளில் கிழியும். மாமா கவனமாகக் கேட்டுவிட்டு, "சரக்கு நெய்து குவிஞ்சிகினே இருக்குது, எடுத்துகினு போவ வண்டி வர்லன்றீங்க" என்றார். டாக்டரம்மா, "இதச் சொல்ல எனக்கு ஒரு வகுப்பு முழுக்க ஆவுது மாமா" என்று சிரித்தார். அன்றிலிருந்து டாக்டரம்மாவுக்கும் அவர் மாமா ஆனார்.

ஒரே தீனி, ஒரே கூண்டு வரிசை. பிறகு ஏன் ஒன்று அரக்கு, ஒன்று சந்தனம்? அந்த மரபணுக்கள் ஒவ்வொரு கோழியிலும் ஒரே அளவுக்கு எழுவதில்லை. அந்த வேறுபாட்டைத்தான் தேடுகிறேன் என்றார் டாக்டரம்மா. ஆனால் கொழுப்பு குவிய ஏதோ ஒன்று கூடுதலாக உள்ளே போயிருக்க வேண்டும். கொட்டகைக்குள் போய்த் தீனித் தொட்டியை முகர்ந்து பார்த்தார். "இது என்னக்கா புளிச்ச வாசன?" அக்கா கூச்சத்தோடு சொன்னாள்: "பாவுக்குத் தோய்ச்ச கஞ்சி மீந்துபோவும். அரிசிக் கஞ்சி. தெருவுல ஊத்த மனசு வர்ல. அதுங்களும் ஆசையா குடிக்குதுங்க." தறியில் ஏற்றும் நெடுக்கு நூலான பட்டுப் பாவை விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டி, விறைப்புக்காகக் கஞ்சி தோய்க்கும் ஊரில், மீந்த கஞ்சிக்கு இதைவிட நல்ல வழி யாருக்கும் தோன்றியிருக்காது. தெருவில் மீந்ததையெல்லாம் வாளி வாளியாக வாங்கிவந்து ஊற்றியிருக்கிறாள். அவ்வளவு மாவுச்சத்தும் ஈரலில் கொழுப்பாக மாறியிருக்கிறது. டாக்டரம்மா கோபிக்கவில்லை. "கோழிக்கே பாவுக் கஞ்சி தோய்ச்சிட்டீங்களேக்கா" என்றார். இறுகிப்போயிருந்த அக்கா அப்போதுதான் சிரித்தாள்.

கஞ்சி நின்றது. தீனியின் அளவையும் கலவையையும் அவரே மாற்றிக் கொடுத்தார். சாவு உடனே நிற்கவில்லை. குறைந்து, பிறகு நின்றது. தெரு மட்டும் நம்பவில்லை. சோதனை முடிவைக் காட்டியும் பெரியவர் அசையவில்லை. மறுபடி வந்த டாக்டரம்மா அக்காவிடம் நாலு முட்டை அவிக்கச் சொன்னார். வாசல்படியில் உட்கார்ந்து, கூட்டம் பார்க்க, ஒன்றை உரித்துச் சாப்பிட்டார். அடுத்ததை உரித்துப் பெரியவரிடம் நீட்டினார். அவர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு, "உப்பு கூட இல்லாம குடுக்கிறியேம்மா" என்றார். நான் அதைச் செய்தியாக எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அந்த ஒற்றை வாக்கியம் செய்த வேலையை என் செய்தி செய்திருக்காது. குழி வெட்டும் பேச்சு அதோடு முடிந்தது.

கோழிகளை அறுத்த அன்றே ஈரல் துண்டுகளைச் சிறு குப்பிகளில் போட்டு, திறந்தால் வெண்புகை கொட்டும் குளிர் உருளைக்குள் இறக்கி, டாக்டரம்மா பேருந்து ஏறியிருந்தார். "கல்யாண மேடையில வுடுவாங்களே, அந்த மாதிரி பொகை வருதே" என்று அக்கா வாய்பிளந்து பார்த்தாள். அவருடைய ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. கேட்டால், "பாதி அவிழ்ந்திருக்குங்க, பாதி சிக்கலாத்தான் இருக்குது" என்பார். தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு சுலபமாகச் சொல்பவர்களை என் தொழிலில் நான் அதிகம் சந்தித்ததில்லை. அக்காவின் கொட்டகையில் இன்று கோழிகள் இருக்கின்றன. மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள்.

சென்ற ஆவணியில் டாக்டரம்மாவுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை மாமாவின் தறியில்தான் நெய்ய வேண்டும் என்று அவரே தொலைபேசியில் சொன்னார். என்ன கலர் என்று மாமா கேட்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். "உடம்பு அரக்கு மாமா. சந்தனம் கரைக்கு மட்டும் போதும். ஜாஸ்தி வேணாம், ஈரல் வெடிச்சிடும்."

மேடையில் அவர் அந்தப் புடவையில் நின்றபோது, கலசப்பாக்கத்து உறவினர்கள் நிறப் பொருத்தத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நடு வரிசையில் இருந்த எங்களுக்கு மட்டும், சில்லுப் போன நீல விளிம்பும், அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டு ஈரல்களும் தெரிந்தன. அக்கா என் பக்கம் சாய்ந்து, "நோஞ்சான் கலருதான் உடம்புக்கு எடுத்துக்கினா பாரு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.