அவசரமில்லே

தாட்சாயணி எந்த அறைக் கதவைத் தட்டினாலும் மூன்று தடவை கேட்பாள். "ரூம் க்ளீன் பண்ணட்டுமாம்மா? இப்பவே வரட்டுமா, அப்பால வரட்டுமா? இல்ல, இன்னிக்கு வரவே வேணாமா?" பிறகு இதையே தெலுங்கில் சொல்வாள். உள்ளே இருப்பவர் எழுந்து வந்து, கதவைத் திறந்து, முகத்தைக் காட்டிப் பதில் சொன்னால்தான் தள்ளுவண்டியை நகர்த்துவாள். குளித்துக்கொண்டிருந்த பெங்களூர்க்காரர் ஒருவர் தலை நிறைய நுரையோடு வந்து நின்ற கதை ஹோட்டல் முழுக்கத் தெரியும். 'எல்லாம் அருமை, ஐந்தாம் மாடி அம்மாவின் விசாரணையைத் தவிர' என்று அவர் இணையத்தில் எழுதிவிட்டுப் போனார்.

போன வருஷம் வரை அவள் இப்படி இல்லை.

திருப்பதியில் மலையடிவாரத்து அலிபிரிப் பக்கம் இருக்கிறது அந்த ஹோட்டல். மனதுக்குப் பிடித்த சொகுசு ஹோட்டல்கள் என்று பத்திரிகைகள் பட்டியல் போடுமே, அதில் அதற்குத் தவறாமல் ஓர் இடம் உண்டு. இரண்டு காரணம் எழுதுவார்கள். ஒன்று, ஜன்னல் நிறைய நிற்கும் மலை. இன்னொன்று, கவனிப்பு. மலையை யாரும் கட்டவில்லை, அது பாட்டுக்கு நிற்கிறது. கவனிப்புதான் தாட்சாயணி மாதிரி ஆட்கள் முதுகு ஒடியச் செய்வது. பட்டியலில் அவர்கள் பெயர் வராது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அவளுக்குப் புத்தூர் பக்கத்துக் கிராமம். கணவன் முனிகிருஷ்ணனுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு. போர்வெல் வற்றிய வருஷம் பஸ் ஏறி வந்து வேலைக்குச் சேர்ந்தாள், பதினோரு வருஷம் ஓடிவிட்டது. படுக்கை விரிப்பின் மூலையை அவள் மடித்தால் ஹேமநாத் சார் புதுப் பெண்களைக் கூட்டி வந்து காட்டுவார். அவர்தான் ஹவுஸ்கீப்பிங் மேனேஜர், சித்தூர்க்காரர். குப்பைக்கூடையைப் பார்த்தே அந்த அறையில் புருஷன் பெண்டாட்டி சண்டையா சமாதானமா என்று தாட்சாயணிக்குத் தெரிந்துவிடும். ஆனால் வெளியே மூச்சு விடமாட்டாள்.

ஹேமநாத் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. விருந்தாளி ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை கேட்கும்படி வைத்தால் நாம் தோற்றோம். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் மூன்று மொழியில் ஓர் அட்டை நிற்கும்: 'ஒருமுறை சொன்னால் போதும்.'

வஸுமதி அம்மாளுக்கு அந்த அட்டையைப் பார்த்தால் சிரிப்பு வரும். "ஒருதரம் சொன்னா போறுமாம்! எங்காத்துல எண்பது வருஷமா நூறு தரம் சொல்லியும் ஒண்ணும் நடக்கலை" என்பாள். வயது எழுபத்தொன்பது. திருமலையில் பிறந்தவள், அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருந்தவர். வாழ்க்கைப்பட்டு மாம்பலம் போய், கணவரும் போய், தனியாக இருந்தாள். ஒவ்வொரு புரட்டாசியிலும் ஐந்து நாள் இந்த ஹோட்டலில் 507ஆம் அறை. அமெரிக்காவில் இருக்கும் ஒரே மகள் ப்ரியம்வதா அங்கிருந்தே பதிவு செய்து கொடுப்பாள். முழங்கால் போய்விட்டதால் வஸுமதி மலை ஏறுவதில்லை. "அவர் அங்கே, நான் இங்கே. பார்த்துண்டிருந்தா போறும்" என்று நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

மாம்பலத்திலிருந்து பித்தளை ஃபில்டரும் இரண்டு டம்ளரும் கூடவே வரும். ஹோட்டல் காப்பியை அவள் மதித்ததே இல்லை. இரண்டு டம்ளர் எதற்கு என்றால், ஒன்று தாட்சாயணிக்கு. மற்ற அறைகளை முடித்துவிட்டு இரண்டு மணி வாக்கில் கடைசியாக 507க்கு வருவாள். விருந்தாளி அறையில் ஊழியர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது விதி. தாட்சாயணி கதவோரம் நின்று அவசரமாக விழுங்குவாள். "உக்காந்து குடிடி, நின்னுண்டு குடிச்சா காலுக்குத்தான் போகும்" என்பாள் வஸுமதி. இரண்டு பேரும் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள், நடுவில் எங்கே பாஷை மாறியது என்று இருவருக்குமே தெரியாது.

போன புரட்டாசியில் வஸுமதி வந்த நாலாவது நாள் ஹோட்டலில் நெல்லூர்க் கல்யாணக் கூட்டம் நிறைந்திருந்தது. பன்னிரண்டு அறை பார்க்கிற தாட்சாயணிக்குப் பதினாறு அறை. 507ஐ முன்னாலேயே முடித்துவிட்டால் நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு, ஒன்றே காலுக்கே போய்த் தட்டினாள். "அம்மா, ரூம் பண்ணிடட்டுமா?"

கனமான கதவு. வெளிச்சத்தம் உள்ளே போகாது, உள்சத்தம் வெளியே வராது. அதுவும் சொகுசில் சேர்த்திதான். உள்ளிருந்து மெல்லிசாகக் குரல் வந்தது. அவள் காதில் விழுந்தது இது: "அவசரம் லே."

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. சித்தூர்ப் பக்கத்துப் பேச்சில் 'அவசரம் லே' என்றால் தேவையில்லை, வேண்டாம் என்று அர்த்தம். தமிழில் அவசரத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பாஷையிலும் புழங்குகிறவர்களுக்கு இந்த வார்த்தை சின்ன வயசிலிருந்தே பழக்கம், யாரும் ஏமாற மாட்டார்கள். பேசுகிறவர் முகம் தெரிந்தால்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டதும் தாட்சாயணிக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓர் அறை மிச்சம். கையில் இருந்த டேப் திரையில் 507க்கு நேராக 'விருந்தாளி வேண்டாம் என்றார்' என்பதை அழுத்தினாள். அதை அழுத்திவிட்டால் மறுநாள் காலை வரை அந்தக் கதவை ஒருவரும் தட்டமாட்டார்கள், சாயந்திரம் படுக்கை தட்டிப் போடவும் வரமாட்டார்கள். அவ்வளவு மரியாதை. நான்கு மணி பஸ்ஸில் ஜன்னலோர இடமே கிடைத்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தட்டினாள். பதில் இல்லை. மாஸ்டர் சாவியால் திறந்தாள்.

வஸுமதி மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கையைத் தொட்டதுமே தாட்சாயணிக்குத் தெரிந்துவிட்டது. மேஜையில் ஃபில்டர், ஆறிப்போன டிகாக்ஷன், இரண்டு டம்ளர். ஒன்று வெறும் டம்ளர். மற்றதில் சர்க்கரை போட்டு வைத்திருந்தது. வஸுமதிக்குச் சர்க்கரை வியாதி. அந்த டம்ளர் யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் நேற்றைய வார்த்தை திரும்ப வந்து சரியாக விழுந்தது. அவசரம் லே இல்லை. 'அவசரமில்லே.' மெதுவா வாடி, மத்த வேலையை முடிச்சுண்டு வா, நான் இருக்கேன் என்று சொல்லியிருக்கிறாள். நடுவில் இருந்த ஒரு 'இ'யைக் கதவு தின்றதா, தாட்சாயணியின் காது தின்றதா?

ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். சர்க்கரை டம்ளரைக் கழுவித் துடைத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதன் பிறகுதான் கத்தினாள்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு மணிக்கு ஆள் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று அவரை யாரும் கேட்கவில்லை. போலீஸ்காரர் தெலுங்கில் எழுதினார்: 'கெஸ்ட் தனக்கு ஏமீ அவசரம் லேதனி செப்பிந்தி.' தனக்கு எதுவும் தேவையில்லை என்று விருந்தாளி சொன்னாளாம். தாட்சாயணி கையெழுத்துப் போட்டாள். "ரெக்கார்ட் க்ளீனா இருக்கு, பயப்படாதே" என்று ஹேமநாத் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

அன்றிலிருந்து அந்த வார்த்தை அவளை விடவில்லை. 507இல் நாற்காலியை அவள் மேஜைப் பக்கம் ஒழுங்காகப் போட்டுவிட்டு வருவாள். மறுநாள் போனால் அது ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் மலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள், திருப்பிப் போடாமல் என்ன செய்வார்கள்? அறிவுக்கு அது தெரிந்தது, முதுகுக்குத் தெரியவில்லை. யாரோ தனக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே அது சில்லிட்டது. ஒருநாள் யாரும் தங்காத அறையில் டிகாக்ஷன் வாசனை வந்தது. தரைவிரிப்பைக் கழற்றிப் போட்டுத் துவைக்க வைத்தாள், மறுபடியும் வந்தது. வீட்டிலும் நிம்மதி இல்லை. "சோறு துன்றியா?" என்று கேட்டதற்கு முனிகிருஷ்ணன் எதார்த்தமாக, "அவசரமில்ல, நீ வேலையப் பாத்துக்கினு வா" என்றான். கையில் இருந்த கரண்டி போய்ச் சுவரில் விழுந்தது. "இன்னாடி ஆச்சு உனுக்கு?" என்று அவன் கேட்டுக்கொண்டே நின்றான்.

டம்ளர் ஊழியர் அறை லாக்கரில், மாற்றுச் சேலைக்கு அடியில் ஒரு வருஷம் கிடந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகவும் பயம், எறியவும் பயம்.

இந்தப் புரட்டாசியில் ப்ரியம்வதா வந்தாள். அம்மாவின் வருஷத் திதி. 507ஐயே கேட்டு வாங்கினாள். தாட்சாயணியையும் பெயர் சொல்லிக் கேட்டாள்.

ஐம்பது வயதிருக்கும். முகம் அப்பா ஜாடையோ என்னவோ, வேறு மாதிரி. குரல் மட்டும் அப்படியே அம்மா. "வாங்கோ தாட்சாயணி. அம்மா ஃபோன்ல உங்களைப் பத்தித்தான் பேசுவா" என்றதும் தாட்சாயணி கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் காலம்பற நாங்க ஃபோன்ல சண்டை போட்டோம். மாம்பலம் வீட்டை வித்துட்டு முதியோர் இல்லத்துக்குப் போன்னேன். எனக்கு ஒருத்தரும் வேண்டாம்னு ஃபோனை வெச்சுட்டா. அப்புறம் ரிப்போர்ட்டைப் பார்த்தா, எதுவும் வேண்டாம்னு சொன்னாள்னு இருக்கு. என் மேல கோபத்துல எல்லாரையும் வேண்டாம்னுட்டு கதவைச் சாத்திண்டுட்டா. கையெட்டற தூரத்துல ஃபோன். எடுக்கவே இல்லை." அவள் மேஜை ஃபோனைக் காட்டினாள். "ஒரு வருஷமா அந்த ஒரு வார்த்தையோடதான் தூங்கி எழுந்துக்கறேன். ரொம்பக் கோபமாவா சொன்னா?"

தாட்சாயணி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கோபமாகச் சொல்லவில்லை அம்மா என்று ஒரு பாதியைச் சொல்லிவிட்டுத் துண்டை மாற்றிக்கொண்டு போகலாம். வேலை நிலைக்கும், போலீஸ் காகிதம் அப்படியே இருக்கும், மகனின் காலேஜ் படிப்பு நின்றுபோகாது. ஆனால் எதிரே ஒருத்தி, தன்னுடையது அல்லாத பேயைத் தன் தலையில் சுமந்துகொண்டு ஒரு வருஷமாக அலைந்திருக்கிறாள். அது தாட்சாயணிக்குச் சேர வேண்டிய பேய்.

"இதோ வந்துட்றேம்மா" என்று கீழே போனாள். டம்ளரோடு திரும்பி வந்தாள். ப்ரியம்வதா பார்த்ததும் எழுந்துவிட்டாள். "சாமான்ல ஒண்ணுதான் வந்தது. ஜோடி எங்கேன்னு தேடிண்டே இருந்தேன்."

தாட்சாயணி நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். பதினாறு அறையை, நான்கு மணி பஸ்ஸை, ஓர் அறை மிச்சம் என்று சந்தோஷப்பட்டதை, சர்க்கரையை, கழுவியதை. "வேணாம்னு சொல்லலம்மா. அவசரமில்லேன்னாங்க. நான்தான் தெலுங்குல கேட்டுக்கினு போய்ட்டேன்."

"எப்படிச் சொன்னா? அப்படியே சொல்லுங்கோ."

"அவசரமில்லே."

ப்ரியம்வதா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நடுவே சிரித்தாள். "கோபமே இல்லை. காப்பிக்குச் சர்க்கரை போட்டு வெச்சுண்டு உக்காந்திருக்கா. கோபமே இல்லை அவளுக்கு." ஒரு வருஷத்துப் பாரம் இறங்குவதைத் தாட்சாயணி கண்ணால் பார்த்தாள். பிறகு அழுகை நின்றது. கையை முகத்திலிருந்து எடுத்தாள்.

"அப்போ உனக்காகக் காத்துண்டிருந்தா."

நீங்கள், நீ ஆகியிருந்தது. "ஆமாம்மா."

"வலிச்சிருக்கும். ஏன் ஃபோனை எடுக்கலை?"

தாட்சாயணியின் கண் கட்டில் பக்கத்து அட்டைக்குப் போனது. ப்ரியம்வதாவும் திரும்பி அதைப் படித்தாள். ஒருமுறை சொன்னால் போதும்.

"நீ போ" என்றாள் ப்ரியம்வதா, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி.

ஹேமநாத்திடம் புகார் போயிருக்கும் என்று மறுநாள் தாட்சாயணி பயந்துகொண்டே வந்தாள். ஒன்றும் போகவில்லை. டேப்பில் எப்போதும் போல 507 இருந்தது, ப்ரியம்வதா இன்னும் காலி செய்யவில்லை. ஒன்றே காலுக்கு அந்தக் கதவின் முன் நின்றாள். மூன்று தடவை கேட்க வேண்டும், தெலுங்கிலும் கேட்க வேண்டும். ஒரு தடவைதான் வந்தது. "அம்மா, ரூம் பண்ணிடட்டுமா?"

கனமான கதவு. உள்ளே மெல்லிசாக, அதே குரல்.

"அவசரமில்லே."

அவள் தள்ளுவண்டியை ஓரம் கட்டினாள். கதவுக்கு முன்னால் தரைவிரிப்பில் காலை மடக்கி உட்கார்ந்தாள். ஹோட்டல் வரலாற்றில் ஒருத்தரும் அப்படி உட்கார்ந்ததில்லை. கேமராவில் பார்த்துவிட்டு ஹேமநாத் ஓடி வந்தார்.

"ஏம்மா தாட்சாயணி, இன்னா இது? கெஸ்ட் வேணாம்னாங்கன்னா டேப்ல அடிச்சுட்டு அடுத்த ரூமுக்குப் போ."

"வேணாம்னு சொல்லல சார். அவசரமில்லேன்னாங்க" என்றாள் தாட்சாயணி. "அப்படின்னா, வரணும்னு அர்த்தம்."

அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. நான்கு மணி பஸ் அன்றைக்கு அவள் இல்லாமல் போனது.