பழுதில்லாத போனைத் திருப்பிக் கொடுத்த கதை

முதலில் வலித்தது சமையலறை டியூப்லைட். கீழ்க்கட்டளையில் பைக் சறுக்கி விழுந்ததற்கு மறுநாள் காலை, என் மனைவி கலைவாணி சுவிட்சைப் போட்டாள். இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தியதுபோல இருந்தது. அணைக்கச் சொன்னேன். விழுந்தது ரோட்டில், கோபம் லைட் மேலா என்று கேட்டுக்கொண்டே அணைத்தாள்.

ஹெல்மெட் போட்டிருந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மண்டையை ஸ்கேன் எடுத்தார்கள். நார்மல் என்று வந்தது. ஆனால் வெளிச்சம் மட்டும் வலித்தது. தாம்பரத்தில் பார்த்த நரம்பியல் மருத்துவர் இதற்கு இரண்டு பெயர் சொன்னார். கன்கஷன் (மண்டைக்குள் மூளை ஒருமுறை குலுங்கிப்போவது), ஃபோட்டோஃபோபியா (வெளிச்சம் பட்டால் கண்ணும் தலையும் வலிப்பது). முதலாவது தானாக ஆறும், இரண்டாவது அதன் பின்னாலேயே மெல்லப் போய்விடும் என்றார். எப்போது என்று கேட்டேன். அதை உங்கள் உடம்பைத்தான் கேட்க வேண்டும் என்றார். மருத்துவர்கள் இப்படிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். இவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் விட்டுவிட்டேன்.

நான் மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக ஷாஃப்ட் (வண்டிக்குள் சுழலும் இரும்புத் தண்டு) சோதிக்கிறேன். ஒரு தலைமுடியில் பாதி அளவு கோடு விழுந்திருந்தாலும் கண்டுபிடித்துச் சிவப்புச் சீட்டு கட்டி ஒதுக்குவது என் வேலை. சம்பளம் என் கண்ணுக்குத்தான் என்று சொல்லலாம். அந்தக் கண் ஜன்னல் வெளிச்சத்தைக்கூடத் தாங்காமல் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆறு மாதத்தில் நன்றாகவே தேறினேன். வெளிச்சத்தில் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு அரை மணி. எல்லாவற்றையும் எண்ணினேன். அந்தக் காலத்தில் என்னிடம் மணி கேட்டால், இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்றுதான் பதில் வந்திருக்கும். மருத்துவர் அடுத்த மாதம் வேலைக்குத் தகுதிச் சான்று தருவதாகச் சொன்னார். சூப்பர்வைசரும் இடத்தை அதுவரை வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் அவர் கையில் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அவர் இன்னொரு தகவலும் சொன்னார். நான் இல்லாத நாட்களில் காகிதச் சோதனைத் தாள்கள் போய்விட்டன. இனி ஒவ்வொரு ஷாஃப்ட்டின் அளவையும் செல்போனில் ஒரு ஆப்பில்தான் பதிய வேண்டும். என் பழைய போனில் அந்த ஆப் ஏறவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள் நிவேதா பத்து நாள் அலசி ஆராய்ந்து ஒரு போனைத் தேர்ந்தெடுத்தாள். பெரிய திரை, கண்ணுக்கு இதம் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலைக் கடை ஒன்றில் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் கலைவாணி வழக்கப்படி பெட்டியின் நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் வைத்த பிறகுதான் பிரிக்க விட்டாள். எங்கள் வீட்டில் மிக்ஸிக்கும் இதுதான் மரியாதை.

மூன்றாம் நாள் கண்ணுக்குப் பின்னால் அந்தக் கட்டைவிரல் திரும்பி வந்தது.

இதே நிலையில் இருக்கும் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புது வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். போய்விட்டது என்று நம்பிய வலி திரும்பி வருவது வேறு. குமட்டலும் சேர்ந்துகொண்டது. நான் ஒழுங்கான நோயாளி என்பதால் போன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன். வலி கூடியது. இன்னும் குறைத்தேன். திரையைப் பார்க்க முடிந்த நேரம் இருபது நிமிடம், பத்து நிமிடம் என்று கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக மூன்று நிமிடத்துக்கு வந்து நின்றது.

மருத்துவரிடம் ஓடினோம். சாப்பாடு, தூக்கம், அலைச்சல், புதிதாக ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. குணமாகி வேலைக்குப் போவதற்காக வாங்கிய பொருள் அது. நோயின் கணக்கில் அதைச் சேர்க்க எனக்குத் தோன்றவேயில்லை. அவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். தகுதிச் சான்றை ஒத்திவைத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்குப் பயமாக இருந்தது. நாற்பத்தேழு வயதில் கண்ணை நம்பிப் பிழைக்க முடியாது என்றால் நான் எதை நம்புவது என்று தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு பகல். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு இருட்டறையில் படுத்திருந்தேன். பொழுது போகவில்லை. போனில் ஒரு பட்டிமன்றத்தைப் போட்டு, காதை மட்டும் கொடுப்போம் என்று அதை டேபிள் ஃபேனுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் சாய்த்து வைத்தேன். புரண்டு படுத்தபோது கண் ஃபேன் பக்கம் போனது.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, காற்று முகத்தில் அடித்தது. ஆனால் அதன் இறக்கைகள் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன். மூன்று இறக்கை ஃபேனில் பன்னிரண்டு இறக்கைகள் இருந்தன. கோயில் யானைபோல அவை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் லேத் என்கிற கடைசல் மெஷினுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: டியூப்லைட் வெளிச்சத்தில் சுற்றுகிற சக் (இரும்பைக் கவ்விச் சுழற்றும் பாகம்) சில நேரம் நிற்பதுபோலத் தெரியும், நின்றுவிட்டது என்று கையை வைத்துவிடாதே. டியூப்லைட் உண்மையில் விட்டுவிட்டு எரிகிறது, அது எரிகிற கணங்களை மட்டும்தான் கண் பார்க்கிறது. அதனால்தான் மெஷினுக்கு மேல் தனியாக ஒரு குண்டு பல்பு போட்டிருப்பார்கள். சுற்றுகிற பொருள் நிற்பதுபோலத் தெரிந்தால், கோளாறு பொருளில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது.

பழைய போனைத் தேடி எடுத்து அதே ஸ்டூலில் வைத்தேன். இறக்கைகள் கலந்து வெறும் மங்கலாகத் தெரிந்தன. புதியதை வைத்தேன். பன்னிரண்டு. வெளிச்சத்தை முழுவதும் கூட்டினேன். இறக்கைகள் ஏறக்குறைய கலந்துபோயின. குறைக்கக் குறைக்க அவை பிரிந்து கூர்மையாகத் தெரிந்தன. நான் நோகாமல் இருக்கக் குறைத்த ஒவ்வொரு முறையும் எனக்கு நானே கூடுதலாக அடித்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியிலிருந்து நிவேதா வந்ததும் அவளையும் பார்க்க வைத்தேன். அவள் தேடிப் படித்துச் சொன்னாள்: இந்த வகைத் திரை வெளிச்சத்தைக் குறைக்க, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைந்து அணைந்து எரியுமாம். பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாதாம். சிலருக்குத் தலை வலிக்குமாம். அந்தச் சிலரில் நம்ம அப்பா ஒருத்தர் என்று சொல்லிவிட்டு அவள் புதுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். தேர்ந்தெடுத்தது அவள் அல்லவா. நீ வாங்கித் தந்ததால்தான் கண்டுபிடித்தோம் என்று சமாதானப்படுத்தினேன். சமாதானத்துக்குச் சொன்னாலும் அது உண்மைதான்.

ஆனாலும் எனக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் தலையின் கோளாறை நான் போன் மேல் போடுகிறேனோ? சோதனைக்காரனுக்கு ஒரு தடவை பார்த்தது போதாது. மூன்று நாள் புதுப் போனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மாலை வலி இறங்கிவிட்டது. நான்காம் நாள் பத்து நிமிடம் பார்த்தேன், வந்துவிட்டது. மறுபடி மூன்று நாள் விட்டேன், போய்விட்டது. பழைய போனை அரை மணி பார்த்தேன், ஒன்றுமில்லை. வலிக்கும் என்று தெரிந்தே பார்த்த அந்தப் பத்து நிமிடங்களில் எனக்கு இருந்தது ஆர்வம்தான் என்று சொன்னால் கலைவாணிக்குக் கோபம் வருகிறது.

மருத்துவர் முழுவதையும் கேட்டார். ஃபேன் விஷயத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

"போன் மாத்துனதை நீங்க சொல்லவே இல்லையே சார்."

"அது நோய்ல சேரும்னு எனக்குத் தெரியல டாக்டர்."

"எனக்கும் அதைத் தனியா கேக்கணும்னு தோணல," என்றார். மாத்திரையைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டு, இது நோய் திரும்பியது இல்லை என்று நிதானமாகச் சொன்னார். அடிபட்ட கண்ணும் மூளையும் மற்றவர்களுக்குத் தெரியாத துடிப்பைக்கூட இன்னும் சில காலம் உணரும் என்றார். கடைக்குக் காட்ட ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

கடைக்காரர்கள் அதற்கெல்லாம் அசையவில்லை. பிரித்த போன் ரிட்டர்ன் கிடையாது, பழுது என்றால் சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கி வாருங்கள் என்றான் விற்பனைப் பையன். சர்வீஸ் சென்டரில் ஒன்றரை மணி நேரம் சோதித்துவிட்டு, பழுது ஏதுமில்லை என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் இதைத்தான் எழுதியிருந்தார்கள்.

என் வேலையில் இது அடிக்கடி நடக்கும். ஷாஃப்ட்டை அளந்தால் சரியாக இருக்கும். அது போய் உட்கார வேண்டிய பேரிங்கை அளந்தாலும் சரியாக இருக்கும். இரண்டையும் சேர்த்தால் பொருந்தாது. அப்போது இரண்டில் எதன் மேலும் சிவப்புச் சீட்டு கட்ட மாட்டோம். இந்த ஜோடி வேண்டாம் என்று பிரித்து வைப்போம். ஆறு மாதமாக நான் என் மேலேயே ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மறுநாள் கலைவாணியுடன் போய் மேனேஜரைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். முதலில் பெட்டியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாக்ஸ்லாம் கறையா இருக்கே மேடம்."

"கறை இல்லம்மா, சந்தனம் குங்குமம். சாமிக்கு வெச்சோம்," என்றாள் கலைவாணி, கொஞ்சம் விறைப்பாக.

மேனேஜர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு பெட்டியை மரியாதையாக மேசையில் வைத்தார். எனக்கு அந்த நொடியில்தான் நம்பிக்கை வந்தது. ஒரு வெள்ளைப் பேனா கேட்டேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போனின் வெளிச்சத்தைக் குறைத்து, அதற்கு முன்னால் பேனாவை வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டினேன். ஒரு பேனா ஏழெட்டுப் பேனாவாக விசிறிபோல் விரிந்தது. பக்கத்தில் காட்சிக்கு வைத்திருந்த வேறொரு போனின் முன் ஆட்டினேன், வெறும் மங்கல். மேனேஜர் பேனாவை வாங்கித் தானே ஆட்டிப் பார்த்தார். விற்பனைப் பையனும் வந்தான். கொஞ்ச நேரத்தில் கடையின் போன் வரிசை முழுவதும் ஊழியர்கள் ஆளுக்கொரு பேனாவை ஆட்டிக்கொண்டிருந்தார்கள், இதுல வருதுடா, அதுல வரலடா என்று.

திருப்பித் தரும் படிவத்தில் காரணம் எழுத வேண்டியிருந்தது. உடைந்தது, பழுது, தவறான மாடல் என்று மூன்று கட்டங்கள். எதுவும் எனக்கானது இல்லை.

"என்னன்னு எழுதட்டும் சார்?" என்றார் மேனேஜர்.

"ஒருத்தருக்குக் கத்திரிக்கா ஒத்துக்கலன்னா கத்திரிக்கா மேல தப்பா?" என்றாள் கலைவாணி. "உடம்புக்கு ஒத்துக்கலன்னு எழுதுங்க."

மேனேஜர் அதையே ஓரத்தில் எழுதினார். பிரித்த பெட்டிக்குக் கொஞ்சம் பணம் பிடித்துக்கொண்டு, பேனா ஒன்றாகவே தெரிந்த ஒரு போனை மாற்றித் தரச் சம்மதித்தார். உங்களுக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாக் கடையிலும் இப்படிப்பட்ட மேனேஜர் கிடைக்க மாட்டார். வாங்குவதற்கு முன் ஒரு பேனாவை எடுத்துப் போங்கள். புதிதாக வீட்டுக்குள் வந்தது எதுவானாலும், அது உங்கள் நல்லதுக்கென்றே வந்திருந்தாலும், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

விற்பனைப் பையன் போனைக் கையில் எடுத்தான். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட வேண்டும், ஏதாவது எடுத்து வைக்க வேண்டுமா என்று கேட்டான்.

ஒன்று இருந்தது. மோசமாக இருந்த வாரத்தில், தினம் மூன்று நிமிடமாக, அந்தத் திரையில் நான் ஒரு கடிதம் தட்டியிருந்தேன். ஐயா, என் பார்வைக் குறைபாடு காரணமாக இனி இப்பணியைத் தொடர இயலாத நிலையில், என்று தொடங்கும் ராஜினாமாக் கடிதம். நான்காவது வரிக்கு மேல் கண் ஒத்துழைக்கவில்லை, அதனால் அனுப்பாமல் கிடந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. நான் தயங்கியதைப் பார்த்த கலைவாணி போனை வாங்கித் திறந்து பார்த்தாள். நான்கு வரியையும் படித்தாள். அழிக்கிற பட்டன் எது தம்பி என்று கேட்டு, அவளே அழுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அழிந்து முடிய நேரமாகும் என்றான் பையன். திரையைப் பார்க்காமல் இருக்க நான் முகத்தைக் கடையின் கண்ணாடிக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டேன். வெளியே நான்கு மணி வெயில். பஸ்களின் கூரையில், சாலை நடுவில் இருந்த கம்பித் தடுப்பில், பூக்காரம்மாவின் ஈரத் துணியில் எல்லாம் அது அசையாமல் விழுந்திருந்தது. வெயில் அணைந்து அணைந்து எரிவதில்லை. கூசியது, ஆனால் கட்டைவிரல் வரவில்லை.

கறுப்புக் கண்ணாடி எங்கே என்று கலைவாணி தோளைத் தொட்டுக் கேட்டபோதுதான், அதைக் கழற்றிய இடத்திலேயே விட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக இப்படி நிற்கிறேன் என்று அவளிடம் கேட்டேன். நீங்கதானே எப்பவும் எண்ணுவீங்க என்றாள். நான் எண்ணியிருக்கவில்லை.