கவுனைப் பிடித்த விரல்கள்

முருகன் படத்துக்கு ஒரு நல்ல சட்டம் வேண்டும் என்றுதான் என் மனைவி அந்த ஓவியத்தை வாங்கினாள். அமெரிக்காவின் காப்பெல் ஊரில், எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களை விற்ற கராஜ் சேலில். நீலக் கவுன் போட்ட ஆங்கிலேயச் சீமாட்டி. ராஜா வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தவளாம். பழைய ஓவியத்தின் நகல் என்று விற்ற அம்மாள் சொன்னாள். சட்டத்துக்குள் அடங்கட்டும் என்று எந்தப் புண்ணியவானோ ஓவியத் துணியை ஓரத்தில் வெட்டியிருந்தான். சீமாட்டியின் கவுனைப் பிடித்திருந்த குழந்தையின் விரல்கள் மட்டும் மிச்சம். அதைப் பார்த்தபின் ஓவியத்தைக் கழற்ற என் மனைவிக்கு மனம் வரவில்லை. முருகன் காலண்டரிலேயே இருந்துவிட்டார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டிபெண்டன்ட் விசாவில் வந்த என் மனைவி வேலைக்குப் போக முடியாது. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. என் அலுவலக நண்பரும் அவர் மனைவியும் வேலைக்குப் போனதால், அவர்களுடைய மகளைக் கைக்குழந்தையிலிருந்தே இவள்தான் பார்த்துக்கொண்டாள். பேச வந்ததும் அந்தக் குழந்தை ஓவியத்தைக் காட்டி, "அந்தப் பாப்பா எங்க?" என்று தினமும் கேட்கும். "அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க கண்ணு" என்பாள் இவள், பருப்புசாதம் பிசைந்தபடி.

பெற்றவளை அது மம்மி என்று கூப்பிட்டது. என் மனைவியை அம்மா என்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு மாலை, கூட்டிப்போக வந்த தாயின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, "நான் அம்மாகிட்டயே இருக்கேன்" என்று இவள் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெற்ற வயிறு துடிக்கத்தான் செய்யும். "மண்டேலேர்ந்து டேகேர்ல போடலாம்னு இருக்கோம்க்கா" என்றாள். என் மனைவி குனிந்து, புடவையிலிருந்து அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகத் தானே பிரித்துவிட்டாள்.

அடுத்த வருடம் பேர்லேண்ட் மீனாட்சி கோவிலில் அவர்களைத் தற்செயலாகப் பார்த்தோம். தாய் சொல்லச் சொன்னதற்காக, "ஹாய் ஆன்ட்டி" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு ஓடிவிட்டது குழந்தை. வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓவியத்தின் முன்னால் போய் நின்றாள் என் மனைவி. "என் முகங்கூட ஞாபகமில்லைங்க அவளுக்கு" என்று சொல்லி அழுதாள்.

இன்று அவளும் படமாகிவிட்டாள், மாலையோடு. வெள்ளிக்கிழமைகளில் அவள் படத்தைத் துடைத்துவிட்டு, சீமாட்டியையும் துடைக்கிறேன். வெட்டியவன் பிள்ளையைத்தான் வெட்டினான், விரல்களைப் பிரிக்கவில்லை. அவை இன்னும் கவுனைப் பிடித்தபடியே இருக்கின்றன.