தழும்பு எந்தப் பக்கம்?

சலூன்காரருக்கு அறுபத்தொரு வயதில் படம் வரையும் ஆசை வந்தது. வந்தால் என்ன, யார் குடி முழுகிப் போயிற்று? ஆனால் முழுகியே விட்டதுபோல்தான் மகன் பேசினான்.

"உங்க வயசுல பென்சில் சீவிக்கிட்டு கிளாஸுக்குப் போறீங்க. ஆபீஸ்ல கேட்டா நான் என்னப்பா சொல்றது?"

"அப்பா படம் வரையறார்னு சொல்லு. வாய் சுளுக்கிக்குமா?"

சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்து மாடியில் வகுப்பு. முதலில் அவர் வரைந்த டம்ளர் கோணிக்கொண்டு நின்றது. இளவட்டங்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு, அடுத்த டம்ளரை வரைந்தார். பதினேழாவது டம்ளர் நேராக நின்றது.

வகுப்புகளெல்லாம் முடியும்போது ஆளுக்கொரு முகம் வரைந்து சுவரில் மாட்ட வேண்டும். "உங்க படத்தை யாருப்பா மாட்டுவா?" என்று மகன் குத்தலாகக் கேட்டான்.

"மாட்டலேன்னா அதுக்கப்புறம் பென்சிலைத் தொட மாட்டேன், போதுமா?"

ரோஷத்தில் வாயை விட்டுவிட்டார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் வரைந்தது தபால்காரரை. நாற்பது வருடமாக மாதம் தவறாமல் முடி வெட்ட வருகிறவர். புருவத்தில் ஒரு தழும்பு. அந்த முகம் அத்துப்படி என்பதால், ஆள் எதிரில் இல்லாமலே வரைந்து முடித்தார்.

டீச்சருக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். தபால்காரரை டீச்சரும் அறிவார்.

"அச்சு அசலா இருக்கு சார். ஆனா தழும்பு அவருக்கு வலது புருவத்துல. நீங்க இடதுல போட்டுட்டீங்க. வகிடும் மாறியிருக்கு. திருத்திக் கொண்டாங்க, மாட்டிடலாம்."

"நாற்பது வருஷமா பார்க்கிற மூஞ்சி டீச்சர்! எனக்குத் தெரியாதா?"

"தப்பா இருக்கிறதை எப்படி சார் மாட்டறது?"

மறுநாள் தபால்காரர் கடைக்கு வந்தார். சலூன்காரர் அவருக்குப் பின்னால் நின்று துணியைப் போர்த்திவிட்டு நிமிர்ந்தார். எதிரே கண்ணாடியில் தழும்பு, படத்தில் போட்ட அதே பக்கத்தில் இருந்தது. ஓடி முன்னால் வந்து நேருக்கு நேர் பார்த்தார். பக்கம் மாறிவிட்டது. அட கடவுளே! இத்தனை காலமும் இந்த மனிதரைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறார்.

வீட்டில் ரப்பரைக் கையில் எடுத்தார். ஐந்து நிமிட வேலை. திருத்தாவிட்டால் சொன்ன சொல்லுக்குப் பென்சிலே கைவிட்டுப் போகும். அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் கோபம்தான் மிஞ்சியது. நான் என்ன பொய்யா வரைந்தேன்? ஆயுசெல்லாம் நின்ற இடத்திலிருந்து பார்த்ததைத்தானே வரைந்தேன்! ரப்பரைத் தூக்கிப் பெட்டியில் போட்டார்.

படம் மாட்டும் நாளில் வீட்டாரோடு தபால்காரரையும் அவர் மனைவியையும் கையோடு அழைத்துப் போனார்.

"திருத்தலையா சார்?" என்றார் டீச்சர்.

"இல்லை. மாட்டலாமா வேண்டாமான்னு இவரே சொல்லட்டும்."

"ஐயையோ, தழும்பு பக்கம் மாறிப்போச்சே!" என்றாள் தபால்காரரின் மனைவி. 'நான் அப்பவே சொன்னேனே' என்பதுபோல் மகன் தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான்.

தபால்காரர் படத்தை நெருங்கி, தன் புருவத்தைத் தடவிக்கொண்டார்.

"நீ சும்மா இரு. போட்டோவுல பார்த்தா எனக்கே நான் யாரோ மாதிரி இருப்பேன். தினம் காலையில கண்ணாடியில நான் பார்க்கிற ஆள் இவன்தான். இது நான்தான்யா!"

டீச்சர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "மத்தவங்களுக்குத் தப்பாத்தானே சார் தெரியும்?"

"தெரியட்டுமே. நான் நின்ன இடத்துல வந்து நின்னு பார்க்கட்டும்."

டீச்சர் ஆணியை நீட்டினார். சலூன்காரர் தன் கையாலேயே அடித்து மாட்டினார். அடித்த சத்தத்தில் பக்கத்துப் படம் ஆடியது. திரும்பி மகனைப் பார்த்தார்.

"நாளைக்குக் கடைக்கு வந்து உட்காரு. அடுத்தது உன் மூஞ்சிதான்."

மகன் படத்தின் அருகே போய்ப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "வகிடு எந்தப் பக்கம்பா எடுத்துக்கிட்டு வரட்டும்?"

"உன் இஷ்டம். நான் பார்க்கிறபடிதான் வரைவேன்."