ஒதுக்குகிற கை

ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் ஒரு திரையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பழைய பிளேடை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, நூலை மட்டும் தொட்டு, துணியில் கீறல் விழாமல் பிரித்தாள். ரெடிமேட் கடையில் ஆல்ட்டரேஷன் பார்ப்பவள் அவள். பெரிதாக இருந்தால் பிடிக்க வேண்டும், சிறிதாக இருந்தால் பிரித்துவிட வேண்டும். ஹாலின் மறுகோடியில் கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அடுத்து எது போகப் போகுதுன்னு பாத்துக்கங்க," என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி.

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வந்திருந்த அவரைப் பார்த்துக்கொள்ள நான் பகலில் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். உடம்பு துடைத்துவிடுவது, திருப்பிப் படுக்க வைப்பது, வாக்கர் பிடித்து நாலடி நடக்க வைப்பது, இவ்வளவுதான் என் பொறுப்பு. ஆனால் படுத்திருப்பவருக்கு வேறு பொழுது ஏது? எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிட்டார்.

கல்யாணமான புதிதில் அந்த ஹால் அவர் ராஜ்ஜியமாம். பஸ் நிற்கிற ஊரிலெல்லாம் எதையாவது வாங்கிவிடுவார். பிளாஸ்டிக் ரோஜா, வெல்வெட் சோபா, ஷோகேஸ், அதற்குள் பொம்மைகள், நட்டநடுவில் ஒரு பீங்கான் மான். அவளும் அப்போது சளைத்தவள் இல்லை. ஃபிரிட்ஜுக்குப் பாவாடை, டிவிக்குப் பாவாடை, மிக்ஸிக்குக்கூட ஃப்ரில் வைத்த பாவாடை தைத்துப் போட்டாளாம்.

"வீட்டுல பாவாடை இல்லாம இருந்தது நான் ஒருத்தன்தான்," என்றார்.

பிறகு அவள் கடை வேலைக்குப் போனாள். பகலெல்லாம் ஊரார் ஃப்ரில்லைப் பிரித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் தன் ஃப்ரில்லைப் பார்க்கச் சகிக்கவில்லை. முதலில் அவிழ்ந்தது மிக்ஸியின் பாவாடை. அதற்கப்புறம் அவருடைய சாமான்கள்.

"ரோஜா சாயம் போச்சுன்னு சொன்னா. சோபாவுல கரையான்னா. பெருக்கும்போது ஷோகேஸ் கண்ணாடி உடைஞ்சுதுன்னா, மானும் அதோட சுக்குநூறாச்சுன்னா. எல்லாமே நான் டியூட்டியில இருக்கறப்பதான் நடக்கும், சிஸ்டர். அதை யோசிங்க."

அவளையும் விசாரித்தேன். தனக்கு எது பிடிக்கும் என்று ரொம்ப காலம் தெரியாது, எது பிடிக்கவில்லை என்றுதான் தெரியும் என்றாள். ஒன்றை எடுத்துவிட்டால் அந்த இடத்தைக் கொஞ்ச நாள் காலியாகவே விட்டு, அங்கேயே உட்கார்ந்து பார்ப்பாளாம். வேண்டியிருந்தால் மட்டும் வேறொன்று வரும். கோடு போட்ட துணி வந்தது, போனது. மஞ்சள் சுவர் வந்தது, அதுவும் போனது. கடைசியில் தங்கியவை வெள்ளைச் சுவர், நீண்ட மர மேசை, சாம்பல் நிறத் திரை, திரையின் ஓரத்தில் மட்டும் சிவப்பு நூலில் ஒரு ஓட்டுத் தையல். நன்றாகத்தான் இருந்தது. தூசி தட்டவும் சுலபம்.

ஷோகேஸைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவள் பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை.

அந்த வாரம் அவள் டேப்பைக் கையில் எடுத்தாள். கட்டிலை அளந்தாள், வாசற்கதவை அளந்தாள். ஒரு தச்சர் வந்து ஜன்னலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கண்டக்டரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். போன் வந்தால் அவள் பின்பக்கம் போய்ப் பேசினாள். எனக்கும் சரியாகப் படவில்லை. படுத்த படுக்கையாக ஆள் இருக்கும் அறைக்குள் டேப் வந்தால், ஆளை முதியோர் ஹோமில் விடப் போகிறார்கள் என்று அர்த்தம். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். 'இடம் பத்தலை' என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

ஒரு சாயங்காலம் அவர் காலை நீட்டி மடக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் அவள் மகளோடு போனில் பேசுவது காதில் விழுந்தது.

"நாளைக்குக் காலையில ஒதுக்கிடலாம்னு இருக்கேன். இவரை வெச்சுக்கிட்டு முடியாது."

என் கையிலிருந்த கால் விறைத்தது.

"கேட்டீங்களா?" என்றார். "மான் போச்சு, சோபா போச்சு, ஷோகேஸ் போச்சு. பாக்கி நான் ஒருத்தன்தான்."

அவள் உள்ளே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார். "என்னை எந்த ஹோமுக்கு ஒதுக்கப் போற?"

அவள் என்னைப் பார்த்தாள். காதில் விழுந்ததை விழுந்தபடியே சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"ஹாலை ஒதுக்கறதைச் சொன்னேன்," என்றாள். "கட்டிலை ஜன்னல் பக்கம் போடணும். உங்களை அதுல வெச்சுக்கிட்டு எப்படி நகத்தறது? கொஞ்ச நேரம் வெராண்டாவுல உக்காருங்க."

"இத்தனை நாள் இல்லாம இப்ப எதுக்கு?"

"நீங்க பாத்ரூம் போயிருந்தப்ப உங்க இடத்துல படுத்துப் பாத்தேன். வெறும் சுவரு. நடமாடறவளுக்கு நல்லாயிருக்குன்னு நான் பண்ணி வெச்சது. படுத்துக்கிட்டுப் பாத்தா ஆஸ்பத்திரி."

அவர் விடவில்லை. தச்சர் ஏன் வந்தார் என்று கேட்டார். படுத்தபடியே தெரு தெரிகிற மாதிரி ஜன்னலைத் தாழ்த்த முடியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாளாம். தச்சர் முடியாது என்று சொல்லி, கட்டிலை உயர்த்தச் சொன்னாராம். வாசற்கதவை அளந்தது சக்கர நாற்காலிக்காக. போனை எடுத்துக்கொண்டு ஏன் பின்பக்கம் போனாள் என்பதற்கு, முன்பக்கம் சிக்னல் இல்லை என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

"காலையில பாக்கலாம்," என்றார், தூரத்தில் வருகிற பஸ் நிற்குமா நிற்காதா என்று தெரியாத பயணி மாதிரி.

மறுநாள் காலையில் அவரை நாற்காலியில் வைத்து வெராண்டாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வண்டி ஏதாவது நிற்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார். உள்ளே அவளும் தச்சரும் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்தார்கள். இடுப்புக்கும் அந்த உயரம்தான் நல்லது. பிரித்த திரையைப் பாதியாகக் குறுக்கித் தைத்து மாட்டியிருந்தாள். படுக்க வைத்ததும் தெரு தெரிந்தது, முனையில் பஸ் நிறுத்தமும் தெரிந்தது. ஒரு பஸ் வந்து நின்றது.

"லேட்டு," என்றார்.

பரணிலிருந்து அவள் ஒரு மூட்டையை இறக்கினாள். சுற்றியிருந்தது மிக்ஸியின் பழைய பாவாடை. அதற்குள்ளிருந்து பீங்கான் மானை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். வாசலிலிருந்து பார்த்தால் திரை மறைக்கும், கட்டிலிலிருந்து மட்டும் தெரியும், அப்படி ஒரு இடம் பார்த்து.

"உடைஞ்சு போச்சுன்னியே?"

"ஒட்டிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். துடைக்கிற சாக்கில் நான் மானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொம்பு, காது, கால், எங்கேயும் ஒட்டின தடம் இல்லை. அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, காலை மாத்திரையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.